வெள்ளை மணலும் நிழல் செடிகளும்: என் இரண்டடித் தொட்டியில் எட்டு மாதம்

இந்தத் தொட்டியில் ஒரு மீன்கூட சாகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏழாவது வாரத்தைப் படிக்கும்போது எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும் என்றுதான் தோன்றும். செடிகளில் பாதி அழுகியது, மணலின் ஒரு ஓரத்தில் நீலப்பச்சைப் படலம் பாய் விரித்தது மாதிரி படர்ந்தது, ஃபில்டரில் இருந்த பாக்டீரியாவை என் கையாலேயே கொன்றேன். இத்தனைக்கும் வைத்தது யார் வேண்டுமானாலும் வளர்க்கலாம் என்று சொல்லப்படும் செடிகள், போட்டது சாதாரண வெளிர் மணல். என்ன நடந்தது, எதை எதற்குக் காரணம் என்று தப்பாக நினைத்தேன், அப்புறம் எப்படி வழிக்கு வந்தது என்பதை நோட்டைப் பார்த்து வரிசையாக எழுதுகிறேன். நோட்டு இல்லாவிட்டால் எழுதியிருக்கவே முடியாது, என் நினைவில் எல்லாமே திடீரென்று நடந்ததாகத்தான் பதிந்திருக்கிறது.

தொட்டியும் மணலும்

நீளம் 60 செ.மீ., அகலம் 30, உயரம் 36. கணக்குப் போட்டால் 65 லிட்டரை ஒட்டி வரும், ஆனால் மணல், மரக்கட்டை, மேலே விடும் இடைவெளி எல்லாம் போக உள்ளே நிற்பது 52 லிட்டர் தண்ணீர்தான். மணல் முன்பக்கம் 3 செ.மீ., பின்பக்கம் 5 செ.மீ. சராசரி 4 என்று வைத்தால் 7 லிட்டருக்குச் சற்று மேல் வருகிறது, உலர்ந்த மணல் லிட்டருக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ என்பதால் 11 கிலோ போதும். 12 கிலோ வாங்கினேன், கழுவும்போது தூசியாகப் போனது போக ஒரு கிலோவை ஒட்டி மிஞ்சியது.

மணல் வாங்குவதிலேயே ஒரு முறை சறுக்கினேன். முதலில் வாங்கியது பளீரென்று வெள்ளை, பையில் நன்னீர்த் தொட்டிக்கும் ஆகும் என்று அச்சடித்திருந்தது. சந்தேகத்துக்கு ஒரு கரண்டி எடுத்து வினிகர் விட்டேன், பொசபொசவென்று நுரைத்தது. நுரைத்தால் அதில் கால்சியம் கார்பனேட் இருக்கிறது என்று அர்த்தம், அதாவது சிப்பி, பவளத்தூள் வகை. அது மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையையும் பி.எச்.சையும், அதாவது அமில-கார அளவையும், ஏற்றிக்கொண்டே போகும். அதை ஒதுக்கிவிட்டு வேறு மணல் வாங்கினேன். வினிகர் பலவீனமான அமிலம், கலப்பு குறைவாக இருந்தால் காட்டிக்கொடுக்காது, அதனால் இந்தத் தடவை ஒரு குவளையில் மணலும் தண்ணீரும், பக்கத்தில் வெறும் தண்ணீர் மட்டும் இன்னொரு குவளை என்று வைத்துப் பத்து நாள் கழித்து இரண்டிலும் கே.எச்., அதாவது கார்பனேட் கடினத்தன்மை, பார்த்தேன். இரண்டும் 4 டிகிரி. அது குவார்ட்ஸ் மணல், நீச்சல்குள ஃபில்டர்களில் போடுகிற வகை, மணிகள் 0.4 முதல் 0.8 மி.மீ. வரை, நிறம் தூய வெள்ளை இல்லை, லேசாக மங்கிய சந்தன வெள்ளை. இந்தப் பத்து நாள் பொறுமைதான் பின்னால் மீன்களைக் காப்பாற்றியது, அதற்கு வருகிறேன்.

வெளிர் மணல் ஏன் என்றால், ஒன்று, கோரிடோரஸ் என்ற சிறு கெளுத்தி மீன் வளர்க்க ஆசை. அவை மணலை வாயில் அள்ளி செவுள் வழியாகத் துப்பிக்கொண்டே இரை தேடும், கூரான சரளையில் அவற்றின் மீசை தேய்ந்து புண்ணாகும். இரண்டாவது, சும்மா, பார்க்க அழகாக இருக்கும் என்பதுதான். இரண்டாவது காரணத்துக்குத்தான் விலை கொடுத்தேன்.

செடிகள்

கரியமில வாயு சிலிண்டர் எல்லாம் வைக்கும் எண்ணம் இல்லை. அது இல்லாத தொட்டியில் தண்ணீரில் இயல்பாகக் கரைந்திருப்பது லிட்டருக்கு இரண்டு மூன்று மி.கி.தான், அதை வைத்துக்கொண்டு செடி எவ்வளவு வெளிச்சத்தைப் பயன்படுத்த முடியும் என்பதற்கு ஒரு எல்லை இருக்கிறது. ஆகவே நிழலில் வாழப் பழகிய செடிகள்: மரக்கட்டையில் கட்டிய அனுபியாஸ் நானா மூன்று, ஜாவா ஃபெர்ன் இரண்டு, மணலில் நட்ட கிரிப்டோகோரைன் வெண்ட்டி ஆறு கொத்து, பின்மூலையில் கொஞ்சம் வாலிஸ்னேரியா. அனுபியாஸ் ஆப்பிரிக்கக் காட்டு ஓடைகளின் ஓரத்தில் மர நிழலில் வளர்வது, வெண்ட்டி இலங்கைக்கே உரியது. அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் வேரிலிருந்து தின்பதைவிட இலை வழியாகத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்வது அதிகம், அவற்றின் படுத்த தண்டை மணலுக்குள் புதைத்தால் அழுகிவிடும். கிரிப்டோகோரைன் நேர்மாறு, பெரும்பாலும் வேரை நம்பி வாழ்வது. குவார்ட்ஸ் மணலில் சத்து என்று எதுவும் கிடையாது, சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் குணமும் கிடையாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் வேர் அருகே புதைக்கும் உர மாத்திரையை ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டேன்.

விளக்கு 6500 கெல்வின் எல்.இ.டி., முழு அளவில், தினம் 8 மணி நேரம், டைமரில்.

முதல் நான்கு வாரம்

மீன் இல்லாமல் சொட்டு அம்மோனியா விட்டு சைக்கிள் ஆக்கினேன், அதாவது அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவை ஃபில்டரில் வளரவிட்டேன். இரண்டாவது வாரம் கிரிப்டோகோரைன் இலைகள் கண்ணாடி போலாகிக் கரைந்து விழுந்தன. இது எதிர்பார்த்ததுதான், நர்சரியில் இவற்றைப் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே வளர்க்கிறார்கள், உள்ளே வந்ததும் பழைய இலையைக் கழித்துவிட்டுப் புதிதாக விடும். வேர் உயிரோடு இருந்தால் பிழைத்துக்கொள்ளும். நான்காவது வாரம் ஒவ்வொரு கொத்திலும் சிறு சிறு பழுப்பு முனைகள் எட்டிப் பார்த்தன, அந்த நேரத்தில் நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

மூன்றாவது வாரமே மணலில் காப்பித்தூள் தூவியது போல ஒரு பழுப்புப் படிவு வந்துவிட்டது. டயட்டம் என்னும் நுண்பாசி. புதுத் தொட்டிகளில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வருவது, சில வாரங்களில் தானாகக் குறைவது. இதன் செல்சுவர் சிலிக்கா என்பதால் குவார்ட்ஸ் மணல்தான் காரணம் என்று பலர் சொல்வதுண்டு, நானும் நம்பினேன். ஆனால் குவார்ட்ஸ் தண்ணீரில் கரைவது மிகச் சொற்பம், டயட்டமுக்கு வேண்டிய சிலிகேட் குழாய்த் தண்ணீரிலேயே கரைந்து வருகிறது. கருப்பு மணல் போட்டிருந்தாலும் அதே அளவு வந்திருக்கும், என் கண்ணுக்குத்தான் தெரிந்திருக்காது.

வெள்ளை மணல் அழுக்காவது அதிகம் இல்லை, அழுக்கைக் காட்டுவது அதிகம். சொல்லப்போனால் சரளையைவிட மணல் ஒரு விதத்தில் சுத்தமானது, மீன் கழிவு இடுக்குகளில் இறங்கிப் புதையாமல் மேலேயே கிடக்கிறது. மேலே கிடப்பதால் கண்ணை உறுத்துகிறது. கண்ணை உறுத்தியதால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சைஃபனை, அதாவது தண்ணீரோடு குப்பையை உறிஞ்சும் குழாயை, மணலுக்குள் குத்திக் குத்தி இழுத்தேன். மேல் மணலோடு டயட்டம் போகும், அடியிலிருந்து வெள்ளை மணல் மேலே வரும், அன்றைக்கு சாயங்காலம் வரை தொட்டி புதிது போல இருக்கும். மூன்றாம் நாள் மறுபடி பழுப்பு.

கேமரா செய்த வேலை

ஐந்தாவது வாரம் பத்து ஹார்லிக்வின் ரஸ்போரா மீன் விட்டேன். அதே வாரம் வாராவாரம் எடுத்த படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். செடிகள் வாரத்துக்கு வாரம் கருத்துக்கொண்டே போவதாகத் தெரிந்தது, அனுபியாஸ் இலை கரும்பச்சை தாண்டி நிழலுருவம் மாதிரி இருந்தது. புது இலையும் ஒன்றும் வரவில்லை. சரி, வெளிச்சம் போதவில்லை என்று முடிவு கட்டி 8 மணி நேரத்தைப் பத்தாக ஏற்றினேன்.

போன் கேமரா என்ன செய்கிறது என்று யோசிக்கவே இல்லை. படத்தின் பாதியை வெள்ளை மணல் அடைத்துக்கொண்டால் கேமரா காட்சி ரொம்பப் பிரகாசம் என்று கணக்கிட்டு மொத்த ஒளியையும் குறைக்கிறது, மணல் அளவாக விழுகிறது, செடி இருளில் விழுகிறது. ஒவ்வொரு வாரமும் நான் மணலைச் சுத்தம் செய்துவிட்டுத்தானே படம் எடுத்தேன், மணல் வெளுக்க வெளுக்கச் செடி கருத்தது. கண்ணும் இதற்குக் குறைவில்லை, வெள்ளைப் பின்னணியில் எந்தப் பச்சையும் ஒரு படி இருட்டாகத்தான் தெரியும். அனுபியாஸ் புது இலை விடாததற்கும் வெளிச்சத்துக்கும் சம்பந்தம் இல்லை, அது இடம் மாறினால் ஒன்றிரண்டு மாதம் அசையாமல் இருக்கும் செடி, நன்றாக இருக்கும் காலத்திலேயே மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு இலைதான்.

ரஸ்போராக்களும் வெளிறிப்போயின. கடையில் செம்பு நிறத்தில் மின்னியவை இங்கே சோகை பிடித்தது போல இருந்தன. நோய் என்று நினைத்து மருந்து பாட்டிலைக் கையில் எடுத்தே விட்டேன், நல்லவேளை அன்றைக்குப் பரிசோதனையில் தண்ணீர் எண்கள் எல்லாம் சுத்தமாக இருந்ததாலும் மீன்கள் பாய்ந்து தின்றதாலும் வைத்துவிட்டேன். மீன் தோலில் கருநிறமியைத் தாங்கிய செல்கள் இருக்கின்றன, தரை வெளிராக இருந்தால் நிறமி செல்லின் நடுவில் சுருங்கிக்கொண்டு மீன் வெளுக்கும், தரை கருமையானால் விரிந்து நிறம் ஏறும். மேலிருந்து பார்க்கும் கொக்குக்குத் தெரியாமல் இருக்க அது செய்யும் தந்திரம். இதை நடத்தும் ஹார்மோன் ஒன்றை 1983இல் சால்மன் மீனின் பிட்யூட்டரியிலிருந்துதான் முதலில் பிரித்தெடுத்தார்கள், அதே ஹார்மோன் பிற்பாடு பாலூட்டிகளின் மூளையில் பசி விஷயத்தில் தலையிடுவதாகத் தெரியவந்தது என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லாத, ஆனால் எனக்குப் பிடித்த தகவல்.

ஏழாவது வாரம்

ஆறாவது வாரம் கிரிப்டோகோரைன் இரண்டாவது முறை கரைந்தது. இந்த முறை இலங்கைச் செடியின் சுபாவம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, சைஃபன் மூன்று கொத்துகளைப் பிடுங்கியிருந்தது, நான் திரும்பத் திரும்ப நட்டிருந்தேன், ஒன்றை அழகுக்காக இடமும் மாற்றியிருந்தேன். வேரைத் தொந்தரவு செய்தால் இந்தச் செடி இலையைக் கொட்டிவிடும். போதாததற்கு மணலில் தின்ன ஒன்றும் இல்லை, தலைக்கு மேல் பத்து மணி நேர வெளிச்சம். கரைந்த இலைகள் கூழாகி ஃபில்டர் வாயில் அடைத்தன, கூடவே சைஃபன் கிளப்பிய மணலும் உள்ளே போய் மோட்டார் கரகரவென்று சத்தம் போட்டது. பிரித்தேன், சுழலியில் மணல். எல்லாவற்றையும் கழுவினேன். ஸ்பான்ஜையும் குழாயடியில் பிடித்து, பிழிந்து பிழிந்து, வெள்ளையாகும்வரை.

குழாய்த் தண்ணீரில் குளோரின். ஸ்பான்ஜில் ஒரு மாதமாகக் குடியேறிய பாக்டீரியாவில் எவ்வளவு மிஞ்சியது என்று தெரியாது, ஆனால் இரண்டாம் நாள் காலை லிட்டருக்கு அம்மோனியா 0.5 மி.கி., நைட்ரைட் 0.25, ரஸ்போராக்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்துகொண்டு நின்றன.

வினிகரில் நுரைத்த அந்த மணலை ஒதுக்கியது இங்கேதான் கைகொடுத்தது. டெஸ்ட் கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் மீனைக் கொல்லும் வடிவம் எவ்வளவு என்பதை பி.எச். தீர்மானிக்கிறது, 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் நூற்றில் அரைப் பங்கு, 8 என்றால் ஐந்து பங்கு. என் தொட்டியில் அன்றைக்கு 7.0. முதலில் வாங்கிய சுண்ணாம்பு மணலைப் போட்டிருந்தால் 8ஐ ஒட்டி இருந்திருக்கும், அதே 0.5க்கு விஷம் பத்து மடங்கு. குளோரின் நீக்கிய தண்ணீரால் பாதித் தொட்டியை மாற்றினேன், மறுநாள் இன்னொரு பாதி, இரையை நிறுத்தினேன், கூழை வலையால் அள்ளினேன். ஐந்தாம் நாள் இரண்டும் பூஜ்யம். ஸ்பான்ஜ் மட்டுமே பாக்டீரியாவின் வீடு இல்லை, மணலின் ஒவ்வொரு மணியிலும் கட்டையிலும் அவை இருக்கின்றன, அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் மீண்டது. அந்த மணலையும் வாரத்துக்கு மூன்று முறை கிளறிக்கொண்டிருந்தவன் நான்.

கோடு போட்டுப் பார்த்தது

எட்டாவது வாரம் நிலவரம்: அனுபியாஸ் இலைகளில் சுரண்டினாலும் போகாத பச்சைப் புள்ளிகள், இலை விளிம்பில் கருந்தாடி போல முளைத்த பாசி, முன்கண்ணாடியை ஒட்டி மணலுக்குள் நீலப்பச்சைப் படலம். என்ன செய்வது என்று தெரியாதபோது எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றத் தோன்றும். இந்த ஒரு முறை அப்படிச் செய்யவில்லை. கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் 20 செ.மீ. மணலைத் தொடமாட்டேன், மற்ற பக்கம் பழையபடி சைஃபன் என்று வைத்துக்கொண்டேன். விளக்கை மாற்றவில்லை.

இரண்டு வாரத்தில் தெரிந்தது இது. சைஃபன் போட்ட அன்று வலப்பக்கம் வெள்ளை, இடப்பக்கம் பழுப்பு. மூன்றாம் நாள் இரண்டும் ஒன்று. ஆக என் உழைப்பெல்லாம் மூன்று நாள் வெள்ளைக்குத்தான், காரணத்தை அது தொடவே இல்லை. ஆனால் இடப்பக்கத்தில் இருந்த இரண்டு கிரிப்டோகோரைன் கொத்துகளில் ஆளுக்கு மூன்று புது இலை, வலப்பக்கத்தில் நான்கில் ஒன்று மட்டும் உயிரோடு. இடப்பக்கம் ஃபில்டருக்குத் தூரம், நீரோட்டம் குறைவு, அதுவும் கொஞ்சம் உதவியிருக்கலாம், இதை ஆராய்ச்சி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குக் கையைக் கட்டிப்போட அது போதுமானதாக இருந்தது.

பத்தாவது வாரம் நண்பர் ஒருவர் பார் (PAR) மீட்டர் கொண்டுவந்தார், செடி பயன்படுத்தக்கூடிய ஒளியை மட்டும் அளப்பது. நிழல் செடிகளுக்கு 15 முதல் 30 வரை இருந்தால் போதும். மணல் மட்டத்தில் 65 காட்டியது, கட்டையின் உச்சியில் அனுபியாஸ் இருந்த இடத்தில் 110. அப்புறம் விளையாட்டாக மீட்டரைக் கவிழ்த்து மணலைப் பார்க்கிற மாதிரி பிடித்தோம். 18. ஒரு கருங்கல் சில்லைப் போட்டு அதன்மேல் அதே போலப் பிடித்தால் 3. அதாவது என் அனுபியாஸுக்கு இலையின் அடிப்பக்கத்தில் விழுகிற ஒளியே ஒரு நாளைக்குப் போதுமான அளவு, மேல்பக்கத்து 110 மொத்தமும் பாசிக்குப் போட்ட தீனி. வேகமாக வளரும் செடி என்றால் பாசி பிடித்த இலை கழிந்து புது இலை வரும், அனுபியாஸ் இலை வருடக்கணக்கில் அப்படியே நிற்பது, பாசிக்கு அவசரமே இல்லை. இருட்டாக இருக்கிறது என்று நான் விளக்கை ஏற்றிய தொட்டி அது.

மாற்றியவை

விளக்கு பாதி அளவுக்கு, 6 மணி நேரம். இது மட்டும் செய்து மூன்று வாரம் காத்திருந்தேன். பழுப்புப் படிவு பாதிக்கு மேல் குறைந்தது, கருந்தாடி புதிதாகப் பரவவில்லை. பழைய தாடி தானாகப் போகாது, ரொம்ப மோசமான ஏழெட்டு இலைகளை நறுக்கி எறிந்தேன், கட்டையை வெளியே எடுத்து மீதி இடங்களில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தொட்டு வைத்து சில நிமிடம் விட்டு அலசி உள்ளே வைத்தேன், இரண்டு மூன்று நாளில் அது இளஞ்சிவப்பாகி உதிர்ந்தது.

மேலே சால்வினியா விட்டேன். மிதக்கும் செடிக்குக் கரியமில வாயு காற்றிலிருந்தே கிடைப்பதால் தண்ணீரில் இருக்கும் நைட்ரேட்டை வேகமாக உறிஞ்சும், கூடவே நிழலும் தரும். முழுக்க மூடிவிடாமல் இருக்க மெல்லிய காற்றுக்குழாயை வளையமாக்கி நடுவில் மிதக்கவிட்டேன், வளையத்துக்குள் வெளிச்சம், வெளியே நிழல், அனுபியாஸ் நிழலுக்குக் கீழே. அங்கே இப்போது மீட்டர் 25ஐ ஒட்டிக் காட்டுகிறது. வெள்ளை மணலில் இந்த நிழல் ஆடுவது எவ்வளவு அழகு என்பதை எந்தப் படத்திலும் கொண்டுவர முடியவில்லை.

கிரிப்டோகோரைன் கொத்து ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், இடுக்கியால் மணலின் அடிவரை தள்ளி, ஒரு உர மாத்திரை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை. மேலாகப் புதைத்தால் கோரிடோரஸ் தோண்டி வெளியே எடுத்துப் போட்டுவிடும், உரம் மொத்தமும் தண்ணீரில் கரைந்து பாசிக்குப் போகும், இது ஒரு முறை நடந்தது. அனுபியாஸுக்கும் ஜாவா ஃபெர்னுக்கும் பொட்டாசியம் உள்ள திரவ உரம் வாரம் ஒரு முறை, பாட்டிலில் சொன்னதில் பாதி.

நீலப்பச்சைப் படலம் பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. அது ஏன் கண்ணாடியை ஒட்டி மட்டும் வருகிறது என்று பார்த்தால், அறை வெளிச்சமும் ஜன்னல் வெளிச்சமும் கண்ணாடி வழியாக நேராக மணலுக்குள் விழுகிறது, நீரோட்டமும் அங்கே இல்லை. வெளிப்பக்கம் மணல் உயரத்துக்கு ஒரு கருப்பு டேப் ஒட்டினேன். மூன்று வாரத்தில் காணோம். இவ்வளவு சின்ன வேலைக்கு இவ்வளவு பலன் இந்தத் தொட்டியில் வேறெதிலும் கிடைக்கவில்லை.

ஃபில்டர் வெளியேற்றும் குழாயைத் திருப்பியது இன்னொன்று. முன்பு நேராக நடுவில் அடித்தது, குப்பை எல்லாத் திசையிலும் சிதறியது. இப்போது பின்கண்ணாடியில் மோதி வளைந்து வருகிறது, குப்பை எல்லாம் வலது முன்மூலையில் ஒரு கைப்பிடி அளவு இடத்தில் சேர்கிறது. வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றும்போது சைஃபனை அந்த மூலையில் மணலுக்கு இரண்டு செ.மீ. மேலே பிடித்து வட்டமாக ஆட்டினால் குப்பை மட்டும் எழும்பி உள்ளே போகும், மணல் எழும்பாது. மணலுக்குள் குத்துவதில்லை. ஸ்பான்ஜை மாதம் ஒரு முறை, எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே ஒரு அலசு.

கட்டைக்கு அடியில்

நான்காவது மாதம் கட்டையை நகர்த்தியபோது அடியில் உள்ளங்கை அகலத்துக்கு மணல் கன்னங்கரேலென்று இருந்தது, கிளறினால் அழுகிய முட்டை வாடை. வெள்ளை மணலில் இதைப் பார்த்தால் யாருக்கும் பகீரென்று இருக்கும். ஆக்சிஜன் போகாத இடத்தில் சில பாக்டீரியா சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றுகின்றன, அது இரும்போடு சேர்ந்து கருப்பாகிறது. வாயு மீனுக்கு விஷம்தான், ஆனால் ஆக்சிஜன் உள்ள தண்ணீரில் சீக்கிரம் சிதைந்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஒரேயடியாகக் கிளறுவதுதான் ஆபத்து. ஆக மீன்களை ஒரு மணி நேரம் வாளியில் மாற்றிவிட்டு அந்தக் கரும்பகுதியை மட்டும் சைஃபனால் உறிஞ்சி எடுத்தேன், கட்டைக்கு அடியில் மூன்று சிறு கற்களை வைத்து மணலில் படாமல் தூக்கி நிறுத்தினேன். மலேசியன் டிரம்பெட் நத்தைகள் ஏழெட்டும் விட்டேன், பகலெல்லாம் மணலுக்குள் ஊர்ந்து கிளறிக்கொண்டே இருக்கும். இவை குட்டி போட்டுப் பெருகும், எவ்வளவு பெருகும் என்பது நாம் எவ்வளவு இரையை மிச்சம் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. என்னிடம் இப்போது எண்ண முடியாத அளவுக்கு இருக்கின்றன, அதிலிருந்து என் கை எவ்வளவு தாராளம் என்று தெரிந்துகொண்டேன்.

ஆழமான மணல் பற்றிய பயம் கொஞ்சம் மிகையானது என்பது என் கருத்து. 5 செ.மீ. உள்ள பின்பக்கம் முழுவதும் கிரிப்டோகோரைன் வேர் ஓடியிருக்கிறது, வேர் வழியாக ஆக்சிஜன் கசிவதால் அங்கே ஒரு கரும்புள்ளிகூட இல்லை. 3 செ.மீ. ஆழத்தில், செடி இல்லாமல் கட்டை அழுத்திய இடத்தில்தான் வந்தது.

இப்போது

எட்டு மாதம் ஆகிறது. ஐந்தாவது மாதம் ஆறு பாண்டா கோரிடோரஸ் வந்தன, நாள் முழுக்க மணலைச் சலித்துக்கொண்டே இருப்பதால் பழுப்பு படிய நேரமே கிடைப்பதில்லை, நான் சைஃபனால் செய்யப் பார்த்த வேலையை வேரைப் பிடுங்காமல் செய்கின்றன. ரஸ்போராக்களுக்காகக் கட்டையின் நிழலில் கருங்கல் சில்லுகளும் காய்ந்த வாதுமை இலை இரண்டும் போட்டேன், அவை அந்தப் பக்கமே கூட்டமாக நிற்கின்றன, செம்பு நிறம் திரும்பிவிட்டது, வெள்ளை மணலுக்கு மேல் வந்து கொஞ்ச நேரம் நின்றால் மறுபடி ஒரு படி வெளுக்கும். நைட்ரேட் 10ஐ ஒட்டியே நிற்கிறது. கிரிப்டோகோரைன் மூன்று கொத்திலிருந்து பதினொன்று ஆகிவிட்டது, எல்லாம் மணலுக்கடியில் ஓடி வந்த பக்கக் கன்றுகள். அனுபியாஸ் மாதம் ஒரு இலை. பழைய இலைகளில் பச்சைப் புள்ளிகள் இன்னும் இருக்கின்றன, அவற்றை நறுக்க மனமில்லை.

படம் எடுப்பதென்றால் இப்போது திரையில் அனுபியாஸ் இலைமேல் விரலை அழுத்தி ஒளியைப் பூட்டிவிட்டு எடுக்கிறேன். மணல் வெளுத்து எரிந்துபோன மாதிரி விழுகிறது, செடி உள்ளபடி விழுகிறது.

மணல் பழைய வெள்ளையில் இல்லை. கட்டையின் சாயமும் எட்டு மாதப் படிவும் சேர்ந்து ஓட்ஸ் நிறத்துக்கு வந்துவிட்டது. மேல் ஒரு செ.மீ. மணலை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது மணல் தூவலாம், மிச்சம் ஒரு கிலோ வாளியில் கிடக்கிறது. பாதித் தரையைச் செடி மூடிவிட்டது, முன்பக்கம் ஒரு கை அகலம்தான் மணலே தெரிகிறது, அங்கேயும் கோரிடோரஸ் தோண்டிய குழிகள். மார்க்கர் கோட்டை அழிக்கவில்லை, இடப்பக்கம் 20 செ.மீ. மணலை எட்டாவது வாரத்துக்குப் பிறகு உர மாத்திரை புதைத்ததைத் தவிர நான் ஒரு முறைகூடத் தொடவில்லை.